சிலபஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி

சித்தூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நாலு நாளா சிலபஸ் சிலபஸ்னு சொல்றீங்க. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். பாடத்திட்டம் என்றேன். "அது தமிழ்ல நாம வச்ச பேருங்க டீச்சர். சிலபஸ்ங்கிற சொல்லுக்கே என்ன அர்த்தம்னு கேட்டேன்" என்றாள்.

ஆசிரியர் அறையில் விசாரித்தேன். ஆங்கிலம் எடுக்கும் சார், "சிலபிள் இருக்கிறதே, அசை, அதே வேர்தான். கிரேக்கத்தில் சேர்த்துப் பிடிப்பது என்று பொருள். பாடங்களையெல்லாம் சேர்த்துப் பிடித்தால் சிலபஸ்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. மறுநாள் வகுப்பில் அப்படியே சொல்லிவிட்டேன். கரும்பலகையில்கூட எழுதிப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. நான் சரிபார்க்காமல் சொன்ன ஒன்றை 34 பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். சொன்னது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாளையாறு:

சரிதான் டீச்சர், கவலை வேண்டாம். கிரேக்கத்தில் 'சுன்' என்றால் கூட, 'லம்பானேன்' என்றால் எடுப்பது, பிடிப்பது. இரண்டும் சேர்ந்து சிலபிள். ஓர் எழுத்தையும் இன்னோர் எழுத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் பிடிக்கிறோம் இல்லையா, அதனால் அந்தப் பெயர். சிலபஸும் அதே குடும்பம்தான். இருபது வருடமாக டியூஷனில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பனையோலை:

டீச்சர், வாளையாறு சார், இருவருக்கும் வணக்கம். சிலபிள் பற்றி சார் சொன்னது முழுக்கச் சரி. சிலபஸ் பற்றிச் சொன்னது மட்டும் சரியில்லை. நான் நூலகத்தில் சுவடிகளுக்கு அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லின் கதை என் தொழிலோடு நேராகத் தொடர்புடையது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 56ஆம் ஆண்டு. ரோமில் சிசரோ என்ற பேச்சாளர், அரசியல்வாதி. அதற்கு 2 வருடம் முன்பு அவரை நாடு கடத்தி, ரோமில் இருந்த வீட்டையும் எதிரிகள் இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஊர் திரும்பியபிறகு, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் தம் புத்தகங்களில் மிஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அந்த வேலையைச் செய்துகொடுத்தவர் டிரானியோ என்ற கிரேக்க இலக்கண ஆசிரியர். அப்போது சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதுகிறார். உன் ஆட்களில் இரண்டு பேரை அனுப்பு, பசை ஒட்டவும் மற்ற கையுதவிக்கும் டிரானியோவுக்கு ஆள் வேண்டும், வரும்போது கொஞ்சம் தோல் துண்டும் கொண்டுவரச் சொல், பெயர்ச் சீட்டு செய்ய வேண்டும், கிரேக்கர்களான நீங்கள் அதை 'சித்துபா' என்பீர்கள் என்று நினைக்கிறேன் என்று கேட்கிறார். கடிதம் லத்தீன். அந்த ஒரு சொல் மட்டும் கிரேக்கம்.

அந்தக் காலத்துப் புத்தகம் நம் புத்தகம் போல இருக்காது. பாப்பிரஸ் தாளை ஒட்டி ஒட்டி நீளமாக்கிச் சுருட்டி வைப்பார்கள். அலமாரியில் அடுக்கினால் எல்லாச் சுருளும் ஒன்றுபோலவே தெரியும். எது யாருடைய நூல் என்று பார்க்க ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சுருளின் ஓரத்தில் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டித் தொங்கவிட்டு, ஆசிரியர் பெயரையும் நூல் பெயரையும் எழுதுவார்கள். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டைத் தோண்டியபோது இப்படிப்பட்ட துண்டுகள் சில கிடைத்தன. பாக்கிலிடீஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் பாடல் நூலில் ஒட்டியிருந்த துண்டும் அதில் ஒன்று.

இந்தத் துண்டுதான் சித்துபா. வேலை முடிந்ததும் சிசரோ மறுபடியும் எழுதுகிறார்: டிரானியோ புத்தகங்களை ஒழுங்குபடுத்தியபிறகு என் வீட்டுக்கு ஒரு மனமே வந்து சேர்ந்தது போலிருக்கிறது, பெயர்ச் சீட்டுகள் ஒட்டியபிறகு அந்த அலமாரிகளைப் போல அழகு வேறில்லை என்று. வீட்டை இழந்து திரும்பிய மனிதர் அப்படி எழுதினார். எனக்கு ரொம்பப் பிடித்த வரி இது.

இனிதான் விஷயம். அந்தக் கடிதங்களைப் பல நூறு வருடம் கையால் பெயர்த்துப் பெயர்த்து எழுதினார்கள். மேற்கு ஐரோப்பாவில் அப்படி எழுதியவர்களில் பெரும்பாலோருக்குக் கிரேக்கம் தெரியாது. லத்தீனுக்கு நடுவே கிரேக்கச் சொல் வந்தால் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வரைந்துவிட்டுப் போவார்கள். 1345இல் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் வெரோனா தேவாலய நூலகத்தில் இந்தக் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1470களில் அவை அச்சேறின. அச்சில் சித்துபா 'சில்லபோஸ்' ஆகியிருந்தது. இரட்டைத் தகரம் இரட்டை லகரமாகிவிட்டது.

படித்தவர்கள் அதை உண்மையான கிரேக்கச் சொல் என்று நம்பினார்கள். சிசரோ அதே வரியில் லத்தீனில் 'இன்டெக்ஸ்' என்று விளக்கமும் சொல்லியிருந்தார். இன்டெக்ஸ் என்றால் பெயர்ச் சீட்டும் ஆகும், பட்டியலும் ஆகும். இவர்கள் பட்டியல் என்று எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் வால் ஒட்டிச் சிலபஸ் ஆக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் அட்டவணை, பொருளடக்கம். அங்கிருந்து சொற்பொழிவு வரிசையின் தலைப்புப் பட்டியல், அப்புறம் படிப்புக்கான பாடப் பட்டியல். ஆக, பிறந்தபோது அது பாடத்திட்டமும் இல்லை, சேர்த்துப் பிடிப்பதும் இல்லை. சுருளில் தொங்கிய தோல் துண்டு.

எல்லைக்காரன்:

பனையோலை ஐயா, இதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஒரு சந்தேகம். இது அச்சுப்பிழை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? சில்லபோஸ் என்று நிஜமாகவே ஒரு கிரேக்கச் சொல் இருந்திருக்கக் கூடாதா?

பனையோலை:

நல்ல கேள்வி தம்பி. சில்லபோஸ் என்ற வடிவத்தில், பட்டியல் என்ற பொருளில், பழைய கிரேக்க நூல் எதிலும் அந்தச் சொல் இல்லை. மூலமான சொல் சித்துபாவா, 'சில்லுபோஸ்' என்ற அதன் இன்னொரு வடிவமா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டுக்கும் பொருள் பெயர்ச் சீட்டுதான். சிலபஸ் என்ற வடிவம் இரண்டுமே இல்லை, இரண்டில் ஒன்றைத் தவறாகப் படித்ததில் வந்தது.

சேர்த்துப் பிடிக்கும் கதை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலபஸ் என்று பார்த்தவுடன் படித்தவர்களுக்குச் சிலபிள் நினைவுக்கு வந்தது. வேர் அங்கேதான் இருக்கும் என்று எண்ணினார்கள். டீச்சருடைய ஆசிரியர் அறையில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. எனவே வாளையாறு சார் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வாளையாறு:

வருத்தம் இருக்கத்தான் செய்கிறது ஐயா. இருபது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் என் டியூஷனில் உட்கார்ந்து எழுந்தார்கள். அதில் பலர் இன்று ஆசிரியர்கள். சித்தூர் டீச்சரின் பள்ளியில் இருக்கும் அந்த சார்கூட என்னிடம் படித்தவராக இருக்கலாம். இன்று மாலை வகுப்பிலேயே திருத்திச் சொல்கிறேன்.

சுக்கு மிளகு:

ஐயா, குறுக்கே வருகிறேன். சித்துபா என்றதும் எனக்குச் 'சிட்டை' நினைவுக்கு வந்தது. எங்கள் கடையில் அப்பா இன்னும் கணக்குச் சிட்டைதான் வைத்திருக்கிறார். நிலத்துக்குச் சிட்டா எடுக்கிறோம். சிட்டை, சிட்டா, சித்துபா மூன்றும் எழுதிய சின்னத் துண்டுதானே? யவனர்கள் முசிறிக்கு வந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கு வணிகம் நடந்தது. கோவைப் பக்கம் ரோமக் காசு புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது. நம் சொல் அவர்களுக்குப் போயிருக்கலாமே?

பனையோலை:

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. இந்தக் கணவாய்க் காற்றில் வளர்ந்த எவருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் சிட்டாவும் சிட்டையும் வடக்கேயிருந்து வந்தவை. இந்தி, மராத்தியில் சிட்டி என்றால் சீட்டு, கடிதம். ஆங்கிலத்தில் 'சிட்' என்று சொல்கிறார்களே, அதுவும் அங்கே எடுத்ததுதான். அரசாங்கக் கணக்கு எழுத வந்தவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள் அவை. சிசரோ காலத்துக் கிரேக்கத்தோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம் சொல் போனதே இல்லை என்று சொல்ல வரவில்லை. உங்கள் பெயரிலேயே சுக்கு இருக்கிறது. சுக்கு காய்வதற்கு முன் என்ன? இஞ்சி. அந்த இஞ்சியைப் பாலியில் 'சிங்கிவேர' என்றார்கள், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீனில் 'சிங்கிபெரி', கடைசியில் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. வழியில் ஒவ்வொரு சத்திரத்திலும் தங்கிய தடம் இருக்கிறது. சரக்கும் போனது, சொல்லும் கூடவே போனது. இப்படி ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தால்தான் சொல்லின் பிறப்பை நிச்சயமாகச் சொல்லலாம். இரண்டு சொல் காதில் ஒன்றுபோல விழுவதால் மட்டும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் தினமும் வருகிற சொல்லாராய்ச்சிகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இஞ்சி போல உறுதியான சான்று கையில் இருக்கும்போது நமக்கு எதற்கு ஊகம்?

சுக்கு மிளகு:

சரிங்க ஐயா. இஞ்சிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நகரி வாசகர்:

நான் இன்னொரு சித்தூர், ஆந்திரச் சித்தூர்ப் பக்கம். டீச்சரின் பெயரைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர் என்றுதான் உள்ளே வந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடத்திட்டம், தெலுங்கு வகுப்பில் 'பாட்ய பிரணாளிக', பேசும்போது சிலபஸ். உங்கள் பக்கம் மலையாளத்தில் 'பாட்ய பத்ததி' என்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்று மொழிக்காரர்களும் அழகாகச் சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் மூன்று பேர் வாயிலும் வருவது 1470களின் அச்சுப்பிழை. சரி, இந்தச் சொல்லைப் பிழை என்று இனி விட்டுவிட வேண்டுமா? இன்னொன்று, கரிக்குலமும் இதே மாதிரிதானா?

பனையோலை:

கரிக்குலத்தில் குழப்பம் இல்லை. லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடு. கரிக்குலம் என்றால் ஓட்டம், தேர்ப் பந்தயம் ஓடும் களம். அதிலிருந்து படிப்பின் ஓட்டம்.

விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பது வேறு, அது இன்று சொல்லாக நிற்கிறதா என்பது வேறு. முந்நூறு வருடத்துக்கும் மேலாக மக்கள் புழங்கிய சொல்லைப் பிழை என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. 1864இல் போப் ஒன்பதாம் பயஸ் ஏற்கத்தகாத 80 கருத்துகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். திருச்சபையின் அந்த ஆவணத்துக்கே சிலபஸ் என்றுதான் பெயர். லத்தீனை நன்கு அறிந்தவர்கள் கூடிய இடத்திலேயே அது செல்லுபடியான சொல்லாகிவிட்டது. பிழை நடந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஏடுகளிலும் இதுதான் நடந்தது. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். இப்போது ஒரு கொம்பு, ஒரு ச, ஒரு கால் மூன்றையும் வரிசையாக ஓலையில் பாருங்கள். அதைச் சொ என்று படிக்கலாம், சோ என்று படிக்கலாம். செர, சேர, சேர் என்றும் படிக்கலாம். மருந்து ஏட்டில் இந்த மூன்று கோடு வந்தால் என் கை நின்றுவிடும். 'சேர்' என்றால் கலக்கச் சொல்கிறாரா, அளவையான சேரைச் சொல்கிறாரா? முன்னும் பின்னும் நாலு வரி படித்து, இன்னொரு ஏட்டோடு ஒப்பிட்டபிறகுதான் முடிவு செய்ய முடியும்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பட்ட பாடு இதுதான். பல ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார், ஒப்பிட்டார், ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட சொல் வடிவங்களை மறைக்காமல் அச்சிட்டார். சிசரோவின் கடிதத்திலும் பின்னால் வந்தவர்கள் அதையேதான் செய்தார்கள். பழைய பிரதிகளை ஒப்பிட்டுச் சித்துபாவை மீட்டார்கள். அதற்குள் சிலபஸ் ஐரோப்பா முழுக்கப் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

எல்லைக்காரன்:

அப்போது பன்மை? எங்கள் அலுவலகத்தில் ஒருவர் 'சிலபை' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பார்.

வாளையாறு:

இதற்கு நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆங்கில அகராதிகளில் சிலபை, சிலபஸஸ் இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் எழுதலாம். உண்மையான லத்தீன் சொல்லே இல்லை என்று ஆனபிறகு, லத்தீன் பன்மைதான் வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. தமிழில் பேசும்போது 'ரெண்டு சிலபஸும் பாத்தாச்சு' என்பதே போதும்.

சித்தூர் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பிள்ளைகளிடம், போன வாரம் நான் சொன்னது தவறு, நோட்டை எடுங்கள் என்றேன். கரும்பலகையில் பழைய வாக்கியத்தை எழுதி நானே அடித்தேன். அப்புறம் நாலு சார்ட் பேப்பரை ஒரே அளவில் சுருட்டி மேசையில் அடுக்கினேன். ஒன்றில் ஆறுகள், ஒன்றில் கேரள வரைபடம், மற்ற இரண்டும் வெறும் தாள். "வரைபடத்தை எடுங்க" என்றேன். ஒரு பையன் வந்து மூன்று சுருளை விரித்த பிறகுதான் கண்டுபிடித்தான். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "நேம் ஸ்லிப் ஒட்டலாம் டீச்சர்" என்றாள்.

ஐயா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் கேரளப் பள்ளிகளில் ஜூன் மாதம் வந்தால் நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, படம் போட்ட நேம் ஸ்லிப் ஒட்டுவதுதான் பிள்ளைகளுக்கு முதல் சந்தோஷம். தமிழ் வழியோ மலையாள வழியோ, எல்லோரும் நேம் ஸ்லிப் என்றுதான் சொல்வார்கள். சிசரோ கேட்ட சித்துபா அதுதானே? அவளிடமே ஒரு நேம் ஸ்லிப் வாங்கி, வரைபடச் சுருளின் ஓரத்தில் தொங்கவிட்டு, "இதுதான் சிலபஸ்" என்றேன். அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

முதலில் கேள்வி கேட்ட மாணவி இடைவேளையில் என்னிடம் வந்தாள். அவள் வீடு எருத்தேம்பதிப் பக்கம், பனங்காட்டுக்கு நடுவே. தாத்தாவின் அப்பா வைத்தியம் பார்த்தவராம். பரணில் ஒரு கட்டு ஏடு இருக்கிறதாம், மேலும் கீழும் மரச்சட்டம், நடுவே கயிறு. "அதுல நேம் ஸ்லிப் இல்லைங்க டீச்சர். என்ன புத்தகம்னு யாருக்கும் தெரியாது. நாளைக்குப் பிரிச்சுக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். நான் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் ஐயா?

பனையோலை:

டீச்சர், உடனே அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். கயிற்றை அவிழ்க்க வேண்டாம். ஓலை காய்ந்திருந்தால் பிரிக்கும்போதே துளை ஓரத்தில் ஒடியும், கயிறு போனால் வரிசையும் போய்விடும். எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். பரணிலிருந்து இறக்கி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். பள்ளிக்குப் பையில் போட்டுக் கொண்டுவர விடாதீர்கள்.

உங்கள் பக்கத்து ஏடுகளில் மொழி தமிழாக இருந்து எழுத்து மலையாளமாகவும் இருக்கலாம், அதனால் படிக்க முடியவில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். சனிக்கிழமை காலை பேருந்தில் நான் வருகிறேன். அவள் பெற்றோர் சம்மதித்தால் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் ஏதாவது எழுதியிருக்கும். நூல் பெயர் கிடைத்துவிட்டால், ஒரு நேம் ஸ்லிப்பில் அந்தப் பெண்ணே தன் கையால் எழுதட்டும். ஒட்ட வேண்டாம், நூலில் கோத்துக் கட்டித் தொங்கவிடலாம். நூல் நான் கொண்டு வருகிறேன்.

சித்தூர் டீச்சர்:

வாருங்கள் ஐயா. அவள் வீட்டில் கேட்டுவிட்டேன், அவள் அம்மாவுக்குச் சம்மதம். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்கு நிற்கிறேன். நேம் ஸ்லிப்பை அவள் இன்றே வாங்கி வைத்துவிட்டாளாம்.